ஏழாவது வரியில் அழுதவள்

செண்பகவல்லிக்கு அநியாயம் நடந்தது.

செய்தவர் பேராசிரியர் குலசேகரன், அவளுடைய முனைவர் பட்ட வழிகாட்டி. செய்த விதம் இது: ஏறக்குறைய நாலாயிரம் வருஷமாக யாரும் படிக்காமல் கிடந்த பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றை அவள் மூன்று வருஷம் உட்கார்ந்து படித்தாள். அவர் அதை ஒரே மாதத்தில் தன் பெயரில் அச்சேற்றினார்.

கட்டுரையின் முதல் பக்கத்தில் அவர் பெயர். கடைசிப் பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில், இப்படி ஒரு வரி: "தட்டச்சுக்கு உதவிய செண்பகவல்லிக்கும் நன்றி."

தட்டச்சு!

ஈரக் களிமண்ணில் நாணலால் குத்திக் குத்தி எழுதிய எழுத்து அது. பார்த்தால் கோழி நடந்த முற்றம் மாதிரி இருக்கும். அதை வாசிக்கத் தெரிந்தவர்களை நம் ஊரில் விரல் விட்டு எண்ணலாம்.

குலசேகரன் அந்த விரல்களில் எதிலும் இல்லை.

"கேஸ் போடுங்க டீச்சர்" என்றார்கள் அவள் வேலை பார்த்த பள்ளியில்.

"வாயத் தெறக்காத. ஆய்வேட்டுல அவரு கையெழுத்துப் போடணும். இன்னும் ரெண்டு மாசந்தான்" என்றார் அவள் கணவர்.

அவள் இரண்டையும் கேட்கவில்லை. கோவில்பட்டியில் காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தாள். ராமநாதபுரத்தில் இறங்கி வேறு பஸ் மாறினாள். பதினொரு மணிக்குக் கீழக்கரையில் ஜுலைகாவின் வீட்டுக் கதவைத் தட்டினாள். தட்டினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது.

ஜுலைகாவிடம்தான் அவள் பாபிலோனைப் படித்தாள்.

குருவுக்கு முப்பத்தைந்து வயது. சிஷ்யைக்கு நாற்பத்தேழு. குரு சிஷ்யையை 'அக்கா' என்பாள். சிஷ்யை குருவை 'மேடம்' என்பாள். இதில் இரண்டு பேருக்கும் வெட்கமில்லை.

ஜுலைகா சின்ன வயதில் மதரசாவில் அரபி ஓதியவள். பாபிலோன்காரர்கள் பேசிய அக்காடிய மொழி அரபிக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று எங்கோ படித்தாள். அந்தச் சொந்தத்தைத் தேடிக் கடல் தாண்டினாள். எட்டு வருஷம் ஓர் அருங்காட்சியகத்தின் நிலவறையில் உட்கார்ந்து நானூறு பலகைகளின் எழுத்தைக் கையால் வரைந்தெடுத்தாள். டாக்டராகத் திரும்பி வந்தாள்.

"மெசபடோமியாவுக்கு இங்க போஸ்ட் இல்லையேம்மா" என்றன பல்கலைக்கழகங்கள்.

ஆகவே இப்போது ஒரு மகளிர் கல்லூரியில் பி.காம். பிள்ளைகளுக்கு இந்தியப் பண்பாடு எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கைபேசியில் நான்கு பேருக்கு பாபிலோன் எடுக்கிறாள். நான்கில் ஒருத்தி செண்பகவல்லி.

அன்றைக்கு ஜுலைகா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"மேடம், என் உழைப்பத் திருடிட்டாங்க."

"வாங்கக்கா. உக்காருங்க. எதைத் திருடினாங்க?"

"முழுசையும்."

"முழுசுல உங்களோடது எது?"

செண்பகவல்லிக்குக் கேள்வி விளங்கவில்லை.

"என்ன மேடம் கேக்கீங்க? அந்தக் கடிதம்…"

"கடிதம் லமாசியோடது."

உண்மைதான். லமாசி என்பவள் பாபிலோன் தேசத்துப் பெண். வேறு ஊரில் இருக்கும் தம்பிக்கு அவள் அனுப்பிய கடிதம்தான் அந்தப் பலகை.

"சரி. அத வாசிச்சது நான்."

"வாசிக்கிற முறைய நான் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு என் ஆசிரியை சொல்லிக் கொடுத்தாங்க."

"அர்த்தம் போட்டது நான்."

"அகராதில இருக்கு."

"மூணு வருஷம் மேடம்! மூணு வருஷம் தூங்காம…"

"தூக்கத்த அவரு எடுத்துக்கிடலையே."

செண்பகவல்லி எழுந்துவிட்டாள்.

"நீங்க யாரு கட்சி மேடம்? திருடுனவனுக்கு வக்காலத்து வாங்குறதுக்கா நான் நாலு மணி நேரம் பஸ்ஸுல வந்தேன்? பொம்பள படிச்சா அது பொதுச் சொத்து, ஆம்பள அச்சடிச்சா அது ஆராய்ச்சி. நீங்களும் அதத்தான் சொல்லுதீங்களா?"

ஜுலைகா சிவப்புப் பேனாவை மூடினாள். சிரித்தாள்.

"இந்தக் கோபம் உங்களோடது. இத அவரு திருடல. சரி, அந்தக் கட்டுரையக் காட்டுங்க."

அவள் நீட்டினாள். ஜுலைகா நான்கைந்து பக்கங்களைப் புரட்டினாள்.

"தலைப்பு என்ன இது? 'பாபிலோனியப் பெண்ணின் கண்ணீர்'?"

"ஏழாவது வரியில லமாசி அழுவா மேடம். அத வச்சு இருபது பக்கம் எழுதியிருக்காரு."

"உங்க வாசிப்புல அந்தச் சொல்லச் சுத்திச் சதுர அடைப்பு போட்டிருந்தீங்களே?"

பலகையில் உடைந்துபோன இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து எழுதினால், அந்த ஊகத்தைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும். இது அந்தத் துறையின் ஒழுக்கம். களிமண் சொன்னது எது, நாம் சொன்னது எது என்று படிப்பவனுக்குத் தெரிய வேண்டும் இல்லையா?

"போட்டிருந்தேன். அவரு எடுத்துட்டாரு. பார்க்க அசிங்கமா இருக்காம்."

ஜுலைகா கட்டுரையை மூடி வைத்தாள். உள்ளே போனாள். ஒரு பிளாஸ்டிக் வாளியும் ஐஸ்கிரீம் குச்சி ஒன்றும் கொண்டு வந்தாள். வாளியில் குயவரிடம் வாங்கிய களிமண், ஈரத்துணி போட்டு மூடியிருந்தது.

"எழுதுங்க."

"என்னத்த?"

"லமாசி கடிதத்த. மனப்பாடம்தானே?"

"மேடம், நான் நியாயம் கேட்டு வந்திருக்கேன்."

"எனக்கு இன்னும் முப்பது பேப்பர் இருக்கு" என்றாள் ஜுலைகா. பேனாவைத் திறந்தாள்.

செண்பகவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணைப் பிசைந்தாள். குலசேகரனின் முகம் என்று நினைத்துப் பிசைந்தாள். மண் நன்றாகப் பதம் வந்தது.

தோசைக்கல் அகலத்துக்குத் தட்டினாள்.

ஜுலைகா எட்டிப் பார்த்தாள். அதைப் பிடுங்கி வாளியில் போட்டாள்.

"பலகை என்ன அளவு?"

"எட்டு சென்டிமீட்டர் உயரம், அஞ்சு அகலம்."

"லமாசிக்கும் அவ்வளவுதான் கிடைச்சுது."

இரண்டாவது முறை உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி தட்டினாள். கைபேசித் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தே பழகிய பலகை. இவ்வளவு சின்னதாக அதை அவள் நினைத்ததே இல்லை.

குச்சியின் மூலையால் குத்தத் தொடங்கினாள்.

முதல் வரி: என் தம்பியிடம் சொல்.

இரண்டாவது: லமாசி இப்படிச் சொல்கிறாள்.

கடிதத்தை எடுத்துப் போகிறவனைப் பார்த்துச் சொல்வதுபோல் அவர்கள் தொடங்குவார்கள். தம்பிக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, நான்காவது: உனக்கு மூன்று முறை எழுதினேன். ஐந்து, ஆறு: நீ ஒரு சொல்கூடப் பதில் அனுப்பவில்லை.

ஏழாவது வரி நீளமானது. குத்திக்கொண்டே போனாள். 'நான்' என்பது வரை வந்தது. அசல் பலகையில் அத்தோடு சரி. அதற்குப் பிறகு ஓரம் சிதைந்திருக்கும். சிதைந்த இடத்தில் அவள் ஊகித்தது 'அழுகிறேன்' என்ற சொல்.

அந்தச் சொல்லுக்கு இடம் இல்லை.

கை நிற்கவில்லை. கை தானாகப் பலகையைத் திருப்பியது. பக்கவாட்டு விளிம்பில், ஒரு விரல் தடிமனில் மண் இருந்ததே, அதில் மிச்சத்தை எழுதியது.

எழுதிவிட்டு, கை நின்றது.

செண்பகவல்லி விளிம்பைப் பார்த்தாள்.

அருங்காட்சியகம் இணையத்தில் போட்டிருந்தது இரண்டே படம். முன்பக்கம் ஒன்று. பின்பக்கம் ஒன்று.

"மேடம்."

"ம்."

"விளிம்பு."

ஜுலைகா ஒரு விடைத்தாளில் நாலரை மதிப்பெண் போட்டாள்.

"மேடம், விளிம்பு! ஓரத்துல வரி முடியல. திரும்பிப் போயிருக்கும்! நான் விளிம்பப் பார்க்கவே இல்ல!"

"நானும் பார்க்கல அக்கா" என்றாள் ஜுலைகா. பேனாவைக் கீழே போட்டாள். "படத்துக்கு எழுதிக் கேளுங்க. இன்னைக்கே கேளுங்க. சாப்பிட்டுக் கேளுங்க."

செண்பகவல்லி சாப்பிடவில்லை. பஸ்ஸிலேயே எழுதினாள்.

நான்கு நாள் ஆயிற்று.

ஐந்தாம் நாள் மதியம், பள்ளியின் ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்தபோது படம் வந்தது. வலது விளிம்பின் படம். சிதைவு முன்பக்க ஓரத்தோடு நின்றிருந்தது. விளிம்பில் எழுத்துகள் பளிச்சென்று, நேற்றுக் குத்தியதுபோல் இருந்தன.

அவள் ஒருமுறை படித்தாள். கைபேசியைத் திருப்பி வைத்தாள். மறுபடி எடுத்துப் படித்தாள்.

"ஐயோ!" என்று கத்தினாள்.

இயற்பியல் டீச்சர் திடுக்கிட்டாள். "என்னக்கா, டிரான்ஸ்பர் வந்துருச்சா?"

"லமாசி கிளம்பிட்டா!"

"யாரு, புது ஹெச்.எம்.மா?"

செண்பகவல்லி வராந்தாவுக்கு ஓடினாள். கீழக்கரைக்குப் போன் போட்டாள்.

"மேடம், நான் தப்பு!"

"எவ்வளவு தப்பு?"

"முழுத் தப்பு! அவ அழவே இல்ல மேடம். 'நான் இதோ வருகிறேன்'! மூணு தடவ எழுதினேன், நீ பதில் போடல, இரு, நானே வர்றேன்ங்கிறா! மேடம், அவ சண்டைக்கு வர்றா மேடம்!"

மறுமுனையில் ஜுலைகா ஓ என்று கத்தியது கேட்டது. யாரோ பி.காம். பிள்ளைகள் சிரித்ததும் கேட்டது.

"விளிம்ப அனுப்புங்க, அனுப்புங்க!"

அனுப்பினாள். இரண்டு பேரும் தனித்தனி ஊரில் ஒரே நேரத்தில் ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார்கள். சரிதான். சந்தேகமே இல்லை. அவள் வருகிறாள்.

அப்போதுதான் செண்பகவல்லிக்கு இன்னொன்று உறைத்தது.

"மேடம். அவரு மாட்டிக்கிட்டாரு."

"யாரு?"

"குலசேகரன் சார்! 'கண்ணீர்'னு இருபது பக்கம்! அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் கட்டுரைக்குத்தான் பாராட்டு விழா, பொன்னாடை, சொற்பொழிவு. எந்திரிச்சு விளிம்பக் காட்டுனா மனுஷன் கதை முடிஞ்சுது. 'இவ்வளவு பெரிய தப்ப எப்படி சார் பண்ணுனீங்க?'ன்னு கேட்டாப் போதும். ஊரே சிரிக்கும்."

"கேளுங்க."

"கேக்கத்தான் போறேன்!"

"கேட்டா, தப்பு யாரோடது ஆகும்?"

"அவரோடது."

"அப்ப வாசிப்பு யாரோடது?"

செண்பகவல்லி கைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

மணி அடித்தது. ஜுலைகா வகுப்புக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது.

பல்கலைக்கழக அரங்கில் குளிரூட்டி ஓடியது. முன்வரிசையில் துறைத் தலைவர்கள். நான்காம் வரிசையில் செண்பகவல்லி. அவளுக்குப் பக்கத்தில், நடைவழி ஓரத்து நாற்காலியில் ஜுலைகா. கூப்பிடாமலே வந்திருந்தாள். அரங்கில் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள்.

குலசேகரன் நன்றாகப் பேசுவார். அதை மறுக்க முடியாது.

"அவையோரே, இந்த ஏழாவது வரியின் முடிவைக் கேளுங்கள். 'நான் அழுகிறேன்.' நாலாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு பெண் உதிர்த்த கண்ணீர், இன்னும் அந்த மண்ணில் ஈரமாக இருக்கிறது. பெண் என்பவள் காத்திருப்பவள். பெண் என்பவள் கரைபவள். அன்றும் அப்படி. இன்றும் அப்படி."

கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒரு மாணவி மட்டும் "ஐய" என்றாள்.

"கேள்விகள் இருந்தால் கேட்கலாம்."

செண்பகவல்லி எழுந்தாள். வெளியே போகவா, மேடைக்குப் போகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜுலைகா கால்களை மடக்கி வழி விட்டாள்.

அவள் நடைவழியில் இறங்கி முன்னால் போனாள். ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

குலசேகரன் சிரித்தார். "வாங்க வாங்க. நம்ம டைப்பிங் அம்மா. என்னம்மா, எழுத்துப்பிழை ஏதும் விட்டுட்டீங்களா?"

அரங்கம் சிரித்தது.

"ஐயா, ஏழாவது வரி எங்க முடியுது?"

"வரி முடியற இடத்துலதாம்மா."

மறுபடி சிரிப்பு.

"முடியல ஐயா."

அவள் கைபேசியைக் கணினிக்காரரிடம் நீட்டினாள். திரையில் 'கண்ணீர்'த் தலைப்பு போய் விளிம்பு வந்தது. பக்கவாட்டில் வெளிச்சம் பட்டு, எழுத்துகள் மலைத்தொடர் மாதிரி நின்றன.

"அருங்காட்சியகம் அனுப்புன படம் இது. வரி இங்க திரும்பி வருது. இந்த ஆறு எழுத்தும் 'அழுகிறேன்'ல வராது. 'நான் இதோ வருகிறேன்.' அவ அழல ஐயா. கெளம்பிட்டா."

அரங்கில் ஒரு சலசலப்பு ஓடியது. முன்வரிசையில் இருந்த, அந்த எழுத்து தெரிந்த வெளியூர்ப் பேராசிரியை ஒருத்தி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரைக்கு அருகே போனாள். உதடு அசைய எண்ணினாள். திரும்பித் தலையை ஆட்டினாள்.

"அம்மா சொல்றது சரி."

பின்வரிசையில் விசில் பறந்தது.

குலசேகரன் ஒரு நொடிதான் வெளிறினார். ஒரே நொடி. பிறகு பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். இரண்டு கைகளையும் கூப்பினார்.

"அவையோரே, யானைக்கும் அடி சறுக்கும். என் ஊகம் தவறு. என் தவறை இந்த மேடையிலேயே, உங்கள் எல்லோர் முன்னாலும், நான் ஒப்புக்கொள்கிறேன். சுட்டிக்காட்டிய என் மாணவிக்கு என் ஆசி."

என்ன ஒரு பெருந்தன்மை!

கைதட்டல் முதலில் கொஞ்சமாக எழுந்தது. பிறகு அரங்கமே தட்டியது. ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். குலசேகரன் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கினார்.

செண்பகவல்லி ஒலிவாங்கியோடு நின்றாள்.

அவளுக்குக் காது அடைத்தது. தட்டச்சு என்று எழுதியபோதுகூட இப்படி அடைக்கவில்லை. திரும்பி நான்காம் வரிசையைப் பார்த்தாள். ஜுலைகா இவளைப் பார்க்கவே இல்லை. திரையில் இருந்த எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

கைதட்டல் ஓய்ந்தது.

பின்வரிசையில் 'ஐய' என்ற மாணவி எழுந்தாள்.

"சார், ஒரு டவுட். உடைஞ்ச இடத்துல ஆயிரம் சொல் போடலாமே. போறேன், வர்றேன், சாப்பிடறேன், உதைக்கிறேன். நீங்க ஏன் சார் அழுகைன்னு போட்டீங்க?"

குலசேகரன் தொண்டையைக் கனைத்தார்.

"அது வந்தும்மா… ஆராய்ச்சியாளனுக்கு ஓர் உள்ளுணர்வு… பெண்ணின் மனசு என்பது…"

"அன்னைக்கு என்ன தோணுச்சு சார் உங்களுக்கு?"

"அன்னைக்கா? அன்னைக்கு…"

அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார். அது திறக்கவில்லை. அரங்கம் காத்திருந்தது. வெளியூர்ப் பேராசிரியை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உட்காருங்கம்மா, நேரம் ஆச்சு" என்றார் தலைமை தாங்கியவர்.

செண்பகவல்லி உட்காரவில்லை. ஒலிவாங்கியை வாய்க்குக் கொண்டுபோனாள். உள்ளே திருவிழா மேளம் அடித்துக்கொண்டிருந்தது.

"அவரால சொல்ல முடியாதும்மா. அந்தத் தப்பு அவரோடது இல்ல."

"செண்பகவல்லி!" என்றார் குலசேகரன். முதல்முறையாகப் பெயர் சொன்னார். "யோசிச்சுப் பேசு. உன் ஆய்வேடு இன்னும் என் மேசையிலதான் இருக்கு."

"தெரியும் ஐயா. போன மார்ச் மாசம் முன்னேற்ற அறிக்கையில ஒரு கையெழுத்துக்காகக் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் உங்க ரூம் வாசல்ல நின்னேன். நீங்க பின்வாசல் வழியாப் போயிட்டீங்க. வீட்டுக்குப் போயி, சோறு வடிக்க உலையப் போட்டுட்டு, சமையக்கட்டுத் தரையில உக்காந்து அந்த வரிய எடுத்தேன். 'நான்'னு இருந்துச்சு. அதுக்கப்புறம் உடைஞ்சிருந்துச்சு."

அவள் பின்வரிசை மாணவியைப் பார்த்தாள்.

"அழுதது லமாசி இல்லம்மா. நான்."